கூட்டமைப்பு மாறும் கல்லூரிகள்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இடமாற்றமும் இணை உறுப்புரிமையும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் புதிதாகப் பார்க்க வருபவரை முதலில் குழப்புவது அதன் பெயர்கள்தான். ‘பிக் டென்’ என்ற பெயரில் பத்து இருக்கிறது. அதில் இப்போது இருப்பவை 18 பல்கலைக்கழகங்கள். ‘பிக் 12’ என்பதில் 16. ‘அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு’ என்பதில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் உறுப்பினர்கள். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளிலும் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. லக்ராஸ் என்ற ஒரே விளையாட்டில் மட்டும் முதல் பிரிவில், பிக் டென் கூட்டமைப்பில் ஆடுகிறது. பிக் டென்னின் முழு உறுப்பினரான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் வாலிபால் அணி பிக் டென்னில் ஆடுவதில்லை. கிழக்குப் பகுதிக் கல்லூரிகளுக்கான ஒரு தனி வாலிபால் கூட்டமைப்பில் ஆடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு 130 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் அமெரிக்கக் கால்பந்துக்கும் தொலைக்காட்சிக்கும் இருக்கும் பங்கு பலருக்கும் தெரிந்ததே. வாலிபால், லக்ராஸ், ஐஸ் ஹாக்கி போன்ற சிறிய விளையாட்டுகள் அந்த வரலாற்றில் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இக்கட்டுரையில் ‘கால்பந்து’ என்று வரும் இடமெல்லாம் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தையே குறிக்கும்.

கூட்டமைப்பு என்றால் என்ன

ஒரே வட்டாரத்தில் உள்ள, ஏறத்தாழ ஒரே தரத்திலான சில கல்லூரிகள் சேர்ந்து, தங்களுக்குள் ஆண்டுதோறும் ஆடிக்கொள்ளவும் பொதுவான விதிகளை வைத்துக்கொள்ளவும் ஏற்படுத்திய அமைப்பே கூட்டமைப்பு. ஆங்கிலத்தில் இதைக் ‘கான்பரன்ஸ்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கலந்தாய்வுக் கூட்டம் என்பதுதான் பொருள். விளையாட்டோடு அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1895 ஜனவரியில் பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பின்பேரில் மத்திய மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஏழு கல்லூரிகளின் தலைவர்கள் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் விடுதியில் கூடினார்கள். மாணவர்களே நடத்திவந்த கால்பந்து கட்டுமீறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கல்லூரியில் படிக்காதவர்கள்கூடப் பணம் வாங்கிக்கொண்டு அணியில் ஆடினார்கள். இதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பேராசிரியர்களிடம் தரப்பட்டது. மறு ஆண்டு முறையாக அமைந்த அந்த அமைப்பின் பெயர் ‘ஆசிரியர் பிரதிநிதிகளின் கல்லூரிகளிடைக் கலந்தாய்வு’. இன்றைய பிக் டென் அதுதான்.

ஆக, கூட்டமைப்பு பிறந்தது பணத்தை வெளியே வைக்க. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., 1906இல்தான் தோன்றியது. கூட்டமைப்புகள் அதற்கு மூத்தவை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அதிகாரம் மையத்தில் குவியாமல் கூட்டமைப்புகளிடம் சிதறிக் கிடப்பதற்கு இந்த மூப்பும் ஒரு காரணம்.

உள்ளே வருவதும் வெளியே போவதும் அன்றிலிருந்தே உண்டு. சில விதிகளை ஏற்க மறுத்து வெளியேறிய மிச்சிகன், 1917இல் திரும்பிவந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை பத்தானது. பிக் டென் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் கால்பந்தையே கைவிட்டு, 1946இல் கூட்டமைப்பிலிருந்தும் விலகியது. அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்சுக்கு விளையாட்டு ஆரவாரம் பிடிக்காது. ஆட்டம் நின்றுபோன அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பரில் என்ரிக்கோ பெர்மி குழுவினர் முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தினார்கள்.

தெற்கில் வேறு சிக்கல். தெற்குக் கூட்டமைப்பு என்பது நிர்வகிக்க முடியாத அளவுக்குப் பெருத்ததால், 1932 டிசம்பரில் 13 கல்லூரிகள் பிரிந்து தென்கிழக்குக் கூட்டமைப்பை அமைத்தன. 1953இல் மேலும் ஏழு பிரிந்து அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பை அமைத்தன. பெருக்கம், பின் பிளவு, மீண்டும் பெருக்கம் என்ற இந்தச் சுழற்சியைப் பின்னாளில் பலமுறை காணலாம். ஆனால் அதுவரை எல்லாம் பேருந்தில் போய்வரும் தூரத்துக்குள் நடந்தது.

1984 தீர்ப்பு

1950களிலிருந்து தொலைக்காட்சியில் எந்த ஆட்டம், எத்தனை முறை காட்டப்படலாம் என்பதை என்.சி.ஏ.ஏ.தான் தீர்மானித்தது. அரங்கில் டிக்கெட் விற்பனை குறைந்துவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. 1982இல் தொடங்கிய திட்டப்படி, எந்த ஓர் அணியும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் வர முடியாது. ஏராளமான ரசிகர்கள் கொண்ட ஒக்லஹோமா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குத் தொடர்ந்தன. 1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. என்.சி.ஏ.ஏ.யின் கட்டுப்பாடு வணிகப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோத ஏற்பாடு என்றது பெரும்பான்மை. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பைரன் ஒயிட். நீதிபதி ஆவதற்கு முன், கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரக் கால்பந்து வீரராக இருந்தவர். இந்த விளையாட்டு கல்வியோடு பிணைந்தது, வெறும் வணிகமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பை மறுபடி படிக்கத் தோன்றுகிறது.

ஒளிபரப்பு உரிமை இப்போது கல்லூரிகளின் கையில். அதைத் தனித்தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்பது இலாபம். வட்டாரமும் பழைய பகையும் நட்பும் தீர்மானித்துவந்த உறுப்புரிமையை இனி தொலைக்காட்சிச் சந்தை தீர்மானிக்கத் தொடங்கியது. தனியாகவே விற்கும் வலு ஒருவருக்கு மட்டும் இருந்தது: நாடெங்கும் கத்தோலிக்க ரசிகர்களைக் கொண்ட நோட்ர டேம். 1991 முதல் அதன் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்கள் அனைத்தையும் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்புகிறது.

அடுத்த திருப்பத்தை ஒரு சின்ன விதி தந்தது. 12 உறுப்பினர்கள் இருந்து, அவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து ஆடினால், ஆண்டு முடிவில் கூடுதலாக ஓர் இறுதி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த விதி. அது வந்ததே இரண்டாம் பிரிவுச் சிறு கல்லூரிகளின் தேவைக்காக. தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆணையர் ராய் கிரேமர் அதில் ஒரு பணமரத்தைக் கண்டார். ஆர்கன்சாவையும் தெற்குக் கரோலினாவையும் சேர்த்து எண்ணிக்கையைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கினார். 1992இல் பர்மிங்காமில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் அலபாமா 28–21 என்று புளோரிடாவை வென்றது.

ஆர்கன்சா விட்டுவந்த தென்மேற்குக் கூட்டமைப்பில் மிச்சம் இருந்தவை எல்லாமே டெக்சஸ் கல்லூரிகள். 1994இல் அவற்றில் நான்கு, ‘பிக் எயிட்’டுடன் சேர்ந்து பிக் 12 ஆவதென முடிவானது. ரைஸ், ஹூஸ்டன், டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம், தெற்கு மெதடிஸ்ட் ஆகிய நான்கும் வாசலுக்கு வெளியே நின்றன. 1914இல் தோன்றிய கூட்டமைப்பு 1996இல் முடிந்துபோனது. டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம் அதன்பின் மூன்று கூட்டமைப்புகளில் மாறி மாறி இருந்து, 2012இல்தான் பிக் 12க்குள் நுழைந்தது. ஹூஸ்டன் 2023இல் நுழைந்தது. தெற்கு மெதடிஸ்ட் 2024இல் அட்லாண்டிக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தது. உள்ளே இருப்பதற்கு ஒரு கல்லூரி என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஒற்றை விளையாட்டுக்கு ஓர் உறுப்புரிமை

ஒரு கல்லூரி சராசரியாக ஒன்றல்ல, பதினைந்து இருபது விளையாட்டுகளில் அணி வைத்திருக்கிறது. அது சேர்ந்துள்ள கூட்டமைப்பு அத்தனையையும் நடத்துவதில்லை. ஐஸ் ஹாக்கி குளிர் மாநிலங்களின் விளையாட்டு. லக்ராஸ் மேரிலாந்து, நியூயார்க் பக்கத்தது. வாட்டர் போலோ பெரும்பாலும் கலிபோர்னியாவுடையது. இப்படிப்பட்ட அணிகளுக்கு வேறு கூட்டமைப்பில் இடம் தேட வேண்டும். அங்கே அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் தரப்படும் இடமே இணை உறுப்புரிமை. ஓட்டுரிமையும் ஒளிபரப்புப் பங்கும் முழு உறுப்பினருக்கு இருப்பதுபோல் பெரும்பாலும் இருக்காது. வாடகை வீட்டுக்காரரின் நிலை என்று சொல்லலாம்.

இதில் ‘ஆறு’ என்ற எண் முக்கியமானது. ஒரு விளையாட்டில் ஆறு அணிகளாவது உள்ள கூட்டமைப்பின் வெற்றியாளருக்கே தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கும். ஆறாவது அணி இல்லையென்றால் மற்ற ஐந்தும் தேர்வுக்குழுவின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பிக் டென்னுக்கு வந்தது இந்தக் கணக்கால்தான். 1883 முதல் லக்ராஸ் ஆடிவரும் அக்கல்லூரி, எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்பதையே பெருமையாகக் கருதியது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது. ஆனால் லக்ராஸ் மரபின் காரணமாக ஹாப்கின்சுக்கு விலக்கு உண்டு. 2004இல் அந்த விலக்கை நீக்கும் முயற்சி நடந்து, தோற்றது. 2013இல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக முதன்முறையாக ஹாப்கின்ஸ் அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கூட்டமைப்புகளுக்குள் தங்கள் ஆட்ட நாட்களை நிரப்பிக்கொண்ட பிறகு, தனியாளுக்கு ஆட எதிராளி கிடைப்பதும் கடினமாகியிருந்தது. அதே நேரத்தில் மேரிலாந்தும் ரட்கர்சும் பிக் டென்னில் சேரவிருந்தன. அவற்றையும் சேர்த்தால் லக்ராஸ் ஆடும் பிக் டென் கல்லூரிகள் ஐந்து. ஆறாவது ஹாப்கின்ஸ் ஆனது. 2015 பருவத்திலிருந்து ஆண்கள் அணியும், 2017 பருவத்திலிருந்து பெண்கள் அணியும் பிக் டென்னில் ஆடுகின்றன. இருவருக்கும் தேவை இருந்தது, இருவரும் பயனடைந்தார்கள். இணை உறுப்புரிமை நன்றாக அமைந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

ஐஸ் ஹாக்கியின் கதை வேறு. பிக் டென் கல்லூரிகளில் ஐந்து மட்டுமே முதல் பிரிவு ஆண்கள் ஹாக்கி ஆடிவந்தன. மூன்று மத்தியக் கல்லூரி ஹாக்கிச் சங்கத்திலும், இரண்டு மேற்குக் கல்லூரி ஹாக்கிச் சங்கத்திலும் இருந்தன. ஹாக்கியில் பெயர்போன சிற்றூர்க் கல்லூரிகள் பல அவற்றோடு ஆடின. மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் இருக்கும் மிச்சிகன் டெக், லேக் சுப்பீரியர் போன்றவை, ஹாக்கியில் மட்டும் மிச்சிகனையும் விஸ்கான்சினையும் எதிர்கொண்டு வென்றும் காட்டின. 2010இல் டெரி பெகுலா என்ற எரிவாயுத் தொழிலதிபர், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஹாக்கி அரங்கமும் அணியும் அமைக்க 8.8 கோடி டாலர் தந்தார். ஐந்து ஆறாகியது. பிக் டென் தனக்கென ஹாக்கி நடத்த முடிவெடுத்தது.

ஒரு கொடையாளியின் அன்பளிப்பு வேறு எங்கெங்கோ வீடுகளை இடித்தது. பெரியவர்கள் போனதும் டென்வர், வடக்கு டகோட்டா போன்ற நடுத்தர வலுவுடையவர்கள் தனியாக ஒரு தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பை அமைத்தார்கள். நோட்ர டேம் கிழக்கே போனது. 1971 முதல் இருந்த மத்தியச் சங்கம் 2013இல் கலைந்தது. எஞ்சியவர்கள் மேற்குச் சங்கத்தில் ஒதுங்கினார்கள். அங்கே பயணச் செலவு தாங்கவில்லை. அலாஸ்காவில் இரண்டு அணிகள், அலபாமாவில் ஓர் அணி. 2019இல் ஏழு கல்லூரிகள் விலகுவதாக அறிவித்து, 2021இல் பழைய மத்தியச் சங்கத்தின் பெயரிலேயே புதியதைத் தொடங்கின. அலாஸ்காவின் இரண்டும் அலபாமா–ஹன்ட்ஸ்வில்லும் தனித்துவிடப்பட்டன. சேர்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஹன்ட்ஸ்வில் 2021இல் ஹாக்கியை நிறுத்தியது. நிறுத்தப்பட்டிருந்த ஆங்கரேஜ் அணியை அதன் ரசிகர்கள் 30 இலட்சம் டாலர் திரட்டி 2022இல் மீட்டார்கள்.

விலகிய ஏழுபேர் கெட்டவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து நியாயமாகவே முடிவெடுத்தார்கள். நியாயமான முடிவுகளின் வரிசைக் கடைசியில் ஓர் அணி இல்லாமல் போனது.

செயின்ட் தாமஸ்

மினசோட்டாவில் உள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தை அதன் மூன்றாம் பிரிவுக் கூட்டமைப்பு 2019இல் வெளியேற்றியது. குற்றம்: அளவுக்கு மீறி வெல்வது. சிறிய கல்லூரிகளால் அதனோடு ஈடுகொடுக்க முடியவில்லை. அது நேராக முதல் பிரிவுக்கே தாவியது. 2021இல் அங்கே ஆடத் தொடங்கியது. பெரும்பாலான விளையாட்டுகள் சம்மிட் லீக்கில், ஆண்கள் ஹாக்கி புதிய மத்தியச் சங்கத்தில், பெண்கள் ஹாக்கி மேற்குச் சங்கத்தில், கால்பந்து பயனியர் லீக்கில். இந்தப் பயனியர் லீக்கே ஒரு விந்தை. விளையாட்டு உதவித்தொகை தராமல் கால்பந்து ஆட விரும்பும் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்காக 1993இல் ஆட்டத்தைத் தொடங்கியது. கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து வட கரோலினாவின் டேவிட்சன் வரை உறுப்பினர்கள். யாரும் முழு உறுப்பினர் இல்லை. அத்தனை பேரும் ஒற்றை விளையாட்டுக்கு வந்தவர்கள்.

பசிபிக்கில் நடந்தது

கால்பந்துக்காக எடுத்த முடிவு மற்ற விளையாட்டுகளை எப்படி இழுத்துச் செல்லும் என்பதை 2022க்குப் பின் நாடே பார்த்தது. 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் வேர்விட்ட பசிபிக் கூட்டமைப்பு, ‘பேக் 12’ என்ற பெயரில் மேற்குக் கரையின் அடையாளமாக இருந்தது. 2022 ஜூன் 30 அன்று தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஆகஸ்ட் 4 என்ற ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பின. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்போர்டும் பெர்க்லியும் போயின. ஒரேகான் மாநிலமும் வாஷிங்டன் மாநிலமும் மட்டும் மிஞ்சின.

லாஸ் ஏஞ்சல்சும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரு வளாகங்கள். ஒன்றின் இலாபம் மற்றதன் நட்டமாவதைக் கண்ட ஆட்சிக்குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பெர்க்லிக்குத் தர வேண்டும் என்று 2024இல் தீர்மானித்தது. கால்பந்து அணி ஒரு பருவத்தில் நாலைந்து முறை நீண்ட பயணம் போகும், தனி விமானத்தில். வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் ஆடும் சாப்ட்பால், வாலிபால் அணிப் பெண்களும் லாஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூ ஜெர்சிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் போய்வர வேண்டும், இடையில் வகுப்புக்கும் வர வேண்டும். எந்தத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் அவர்களுக்காகப் போடப்பட்டதல்ல. இதில் தப்பியவை பிக் டென் நடத்தாத விளையாட்டுகள்தாம். ஆண்கள் வாலிபாலும் வாட்டர் போலோவும், 1992இல் அமைந்த மவுன்டன் பசிபிக் விளையாட்டுச் சம்மேளனத்திலேயே தொடர்ந்தன. பழைய எதிரிகள் அங்கே இன்னும் பக்கத்துப் பக்கத்தில் ஆடுகிறார்கள். கால்பந்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்து, மற்றவற்றை வீட்டருகே விட்டிருக்கலாமே என்று பயிற்சியாளர்கள் பலர் கேட்டார்கள். இதுவரை நடக்கவில்லை. ஹவாய் மட்டும் 2012 முதல் தலைகீழாக அதைச் செய்துவந்தது: கால்பந்து மவுன்டன் வெஸ்டில், மற்றவை பெரும்பாலும் பிக் வெஸ்டில்.

மிஞ்சிய இருவரும் நீதிமன்றம் சென்று கூட்டமைப்பின் நிர்வாகத்தையும் சொத்தையும் தம் வசம் நிலைநிறுத்திக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கூரை தேடினார்கள். கால்பந்துக்கு மவுன்டன் வெஸ்டுடன் ஆட்ட ஒப்பந்தம். கூடைப்பந்து உட்படப் பலவற்றுக்கு மேற்குக் கரைக் கூட்டமைப்பில் இரண்டு ஆண்டு இணை உறுப்புரிமை. 2025 மார்ச்சில் ஒரேகான் மாநிலப் பெண்கள் கூடைப்பந்து அணி, விருந்தாளியாகப் போன அந்தக் கூட்டமைப்பின் கோப்பையை வென்று தேசியப் போட்டிக்கான நேரடி இடத்தையும் பெற்றது. பல வீராங்கனைகள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்ட நிலையில் கிடைத்த வெற்றி அது. அதே கல்லூரியின் பேஸ்பால் அணி மூன்று முறை தேசிய வாகையர். 2025இல் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல், ஊர் ஊராக எதிராளி தேடி ஆடி, ஒமாஹாவில் நடக்கும் இறுதிச் சுற்று வரை சென்றது.

உயர்பிரிவுக் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தகுதிக்கு எட்டு உறுப்பினர்கள் வேண்டும். இருவருக்கும் கிடைத்த அவகாசம் இரண்டு ஆண்டு. 2024 செப்டம்பரில் பொய்சி மாநிலம், கொலராடோ மாநிலம், பிரஸ்னோ மாநிலம், சான் டியாகோ மாநிலம், யூட்டா மாநிலம் ஆகிய ஐந்தையும் தங்களை இடம்கொடுத்துக் காத்த மவுன்டன் வெஸ்டிலிருந்தே அழைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் கொன்சாகா வந்தது. கூடைப்பந்தில் பெரும்புள்ளி, ஆனால் அங்கே கால்பந்து அணியே கிடையாது. எண்ணிக்கையில் எட்டாகியும் கணக்கில் ஏழுதான். எட்டாவது கால்பந்து உறுப்பினராக டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் 2025 ஜூன் மாதக் கடைசியில் கையெழுத்திட்டது. அதன் வளாகம் இருக்கும் சான் மார்க்கஸிலிருந்து பசிபிக் கடல் வெகு தொலைவு.